அடி வாங்கி வளர்த்த பிள்ளை

சிதம்பரம்–கடலூர் ரூட்டில் தனியார் பஸ் கண்டக்டராக இருப்பவனுக்குக் கோபமும் ஒரு தகுதிதான். டைம் எடுப்பதில் தகராறு, சில்லறையில் தகராறு, படியில் தொங்கும் காலேஜ் பையன்களோடு தகராறு. நான் அதில் கொஞ்சம் கூடுதலாகவே பேர் வாங்கியிருந்தேன். முன்னால் போன பஸ்காரன் எங்கள் நேரத்தைத் தின்றுவிட்டான் என்று, ஆலப்பாக்கத்தில் அவன் டிரைவரைச் சட்டையைப் பிடித்து இறக்கி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும் குடத்தாலேயே மண்டையில் போட்டிருக்கிறேன். அதற்காக வருத்தப்பட்டதாக ஞாபகம் இல்லை. அப்படிப்பட்டவன் ஆறு வருஷம் யார் அடித்தாலும் திருப்பி அடிக்காமல் வாங்கிக்கொண்டேன். பயந்தாங்கொள்ளி என்றார்கள். பெண்டாட்டி முந்தானைக்குள் புகுந்துகொண்டான் என்றார்கள். காரணம் அதெல்லாம் இல்லை. அப்பா அம்மா இல்லாத என் அக்கா மகளை நான் வளர்த்தேன். வளர்ப்பதற்கு அரசாங்கம் உதவி செய்தது. அந்த உதவியோடு ஒரு நிபந்தனையும் வந்தது.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் குப்பத்தில். மச்சானுக்கும் அவருடைய அண்ணனுக்கும் சேர்ந்து ஒரு படகு இருந்தது. இரண்டாயிரத்து நான்காம் வருஷம் மார்கழியில் நடராஜர் கோயில் தேர் பார்க்க அக்கா தன் மகளோடு சிதம்பரத்தில் என் அறைக்கு வந்தாள். பிள்ளைக்கு அப்போது நாலு வயசு. தேர் பார்த்தது போதாது, மறுநாள் தரிசனமும் பார்க்க வேண்டும் என்று தரையில் விழுந்து புரண்டாள். அக்கா அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

"இந்தச் சனியன நீயே வச்சிக்கடா. தரிசனம் காட்டிட்டு நாளைக்கு உன் பஸ்லயே ஏத்திக்கினு வா" என்று சொல்லிவிட்டுக் குப்பத்துக்குக் கிளம்பிப் போனாள்.

என்னிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான். நீயே வைத்துக்கொள் என்றாள். நான் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பிள்ளையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு கோயில் கூட்டத்தில் நின்றிருந்தேன். கடல் ஊருக்குள் வந்துவிட்டதாம் என்று யாரோ சொன்னபோது சிரித்தேன். பிறகு கூட்டத்தில் ஒரு பெண் அலற ஆரம்பித்தாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கையில் கிடைத்த பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். குப்பம் இருந்த இடத்தில் குப்பம் இல்லை. சவுக்குத் தோப்பில் ஒரு முள்கம்பி வேலியில் அக்கா கிடந்தாள். மூழ்கிச் செத்துப்போனாள் என்று எழுதிக்கொண்டார்கள். நான் பார்த்தேன், அது மூழ்கியது இல்லை. கடல் அவளை அடித்துக் கொன்றிருந்தது. நெஞ்சு உள்ளே போயிருந்தது, முகத்தில் ஒரு பக்கம் இல்லை. தலைமுடி முள்கம்பியில் சுற்றிக்கொண்டு வர மறுத்தது. மச்சானின் அண்ணன் அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, நான்தான் முடியை அறுத்தேன். மச்சானைப் பிறகு கழிமுகத்துப் பக்கம் கண்டெடுத்தார்கள். ஜேசிபி தோண்டிய குழியில், முன்பின் தெரியாத சனங்களோடு சேர்த்து இரண்டு பேரையும் இறக்கினோம். அன்றைக்கு நானும் அந்த மனிதரும் கட்டிப்பிடித்து அழுதோம். இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்தவன் ஆவேன்.

பிள்ளை யாரிடம் இருப்பது என்று அப்போது யாரும் பேசவில்லை. என் அறையிலேயே இருந்தாள். என் காக்கிச் சட்டையை விரித்தால்தான் தூங்குவாள். அப்புறம் அரசாங்கம் அறிவித்தது. தாய் தகப்பன் இரண்டு பேரையும் இழந்த பிள்ளையின் பெயரில் ஒரு பெரிய தொகையை வங்கியில் போட்டு வைப்பார்கள், பதினெட்டு வயசில் அது பிள்ளைக்கு. வளர்க்கிற சொந்தக்காரர்களுக்கு மாதாமாதம் பராமரிப்புக்கு என்று தனியாக வரும். நல்ல காரியம்தான். கோட்டையில் உட்கார்ந்து அதை யோசித்தவர் யாராக இருந்தாலும் நல்ல மனசுக்காரர். ஆனால் அந்தச் செய்தி வந்த வாரத்திலேயே, எங்கள் சொந்தத்தில் அதுவரை பிள்ளையின் மூக்கைக்கூடத் துடைத்துவிடாதவர்களுக்கெல்லாம் அவள் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது.

பிள்ளையின் பெரியப்பா, அதாவது என்னோடு அழுத அதே மனிதர், இரண்டு ஆட்களோடு என் அறைக்கு வந்தார்.

"எங்க ரத்தம்டா இது. பங்காளி வூட்டுப் புள்ள பங்காளி வூட்டுலதான் வளரணும்."

"அக்கா என்னைத்தான் வச்சிக்கச் சொல்லிச்சி மாமா."

"செத்தவ சொன்னதுக்கு யாருடா சாட்சி?"

எனக்குப் பேச்சு ஓடவில்லை, கைதான் ஓடியது. அவர் வாயில் ஒரு குத்து விட்டேன், பல் ஒன்று என் விரல் முட்டியில் கிழித்தது. அதற்குள் கூட வந்தவன் ஒருவன் கதவு தாழ்ப்பாள் கட்டையால் என் தோளில் அடித்தான். காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கீழே கிடந்த என்னை மூன்று பேரும் மிதித்தார்கள். பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்று, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் திறந்து வைத்திருந்தாள். அவளை அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

எலும்பு கூடும்வரை வேலைக்குப் போகவில்லை. கூடியபின் திரும்பவும் அதே ரூட். பரங்கிப்பேட்டைக்குப் பிரிகிற முட்லூரில் பஸ் நிற்கும்போதெல்லாம் இறங்கித் தேடுவேன். வெயில் காலத்தில் ஒருநாள் அவளே தெரிந்தாள். பெரியம்மாவோடு ரோட்டோரம் கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தலையில் சடை இல்லை, மொட்டை அடித்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்து, பஸ்ஸின் பின்படியில் தானாக ஏறி, என் பையைப் பிடித்துக்கொண்டாள். தூக்கும்போதுதான் பார்த்தேன். இரண்டு தொடையிலும் கரண்டிக் காம்பால் சூடு வைத்த கோடுகள், பழையதும் புதியதுமாக. படுக்கையை நனைத்தாளாம். அம்மா செத்த பிள்ளை படுக்கையை நனைக்காமல் என்ன செய்யும்? அதுவரை பெரியப்பாவை அவர் என்று சொல்லிவந்தேன். இனி எனக்கு அது வராது.

விசில் கொடுத்தேன். பெரியம்மா கத்திக்கொண்டே ஓடிவந்தாள். டிரைவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தான், வண்டியை விரட்டினான். கடலூர் போகும்வரை எந்த ஸ்டாப்பிலும் பஸ் ஒழுங்காக நிற்கவில்லை. மஞ்சக்குப்பத்தில் இறங்கிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே கலெக்டர் ஆபீசுக்குள் போனேன்.

அங்கே இந்தப் பிள்ளைகளைக் கவனிக்க ஒரு அதிகாரி இருந்தார். ஐம்பது வயசுக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்ட அம்மாள். சூட்டுத் தழும்புகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அந்த நிமிஷமே பிள்ளையை எனக்குக் கொடுத்திருப்பார், அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. அப்போது கேட்டார்:

"இந்தப் பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்?"

"தாய்மாமன் மேடம்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல மேடம்."

"பெரியப்பா ஏற்கனவே மனு குடுத்து உரிமை கேக்கறாரே, உங்களுக்கு என்ன உரிமை?"

எங்கள் சனத்தில் தாய்மாமனுக்கு இருக்கிற உரிமைக்கு மேல் ஒன்று கிடையாது. காது குத்துவது அவன் மடியில். பெரியவளானால் குடிசை கட்டுவது அவன். கல்யாண மேடையில் அவன் சம்மதிக்காமல் தாலி ஏறாது. அக்கா மகளை யாருக்குக் கொடுப்பதானாலும் முதலில் அவனைக் கேட்டு, அவன் வேண்டாம் என்றால்தான் வெளியே பேச முடியும். பஞ்சாயத்தில் இந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் எதிராளி வாயை மூடிக்கொள்வான். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதைச் சொன்னேன்.

"இவ எனக்கு முறைப்பொண்ணு மேடம். எனக்கு இல்லாத உரிமை வேற எவனுக்கு?"

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என் மடியில் உட்கார்ந்திருந்த பிள்ளையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிள்ளையைத் தன் பக்கம் வந்து உட்காரச் சொன்னார். அவர் என்ன நினைத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தபோது உடம்பெல்லாம் கூசியது. ஊரில் என் கையில் இருக்கும் பெரிய ஆயுதம், அந்த மேசைக்கு முன்னால் என்னையே வெட்டிவிட்டது. அய்யோ மேடம், அந்த அர்த்தத்தில் இல்லை என்று சொல்லப் போனேன். அதற்குள் வராந்தாவில் பெரியப்பனின் குரல் கேட்டது. பெரியம்மா சொல்லி, பின்னாலேயே அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டான்.

வந்த வேகத்தில் என் பிடரியில் அறைந்தான். நான் திரும்பி அவன் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போய், வராந்தாத் தூணில் மோதினேன். ஒரு தடவையோடு நிறுத்தியிருக்கலாம். சூட்டுக் கோடுகளை நினைத்துக்கொண்டு மோதினேன். தூணில் ரத்தம் வழிந்தது. மனு கொடுக்க வந்த சனம் சிதறி ஓடியது. போலீஸ்காரர்கள் வந்து என்னைப் பிரித்தபோது பிள்ளை அந்த அதிகாரியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். என்னைப் பார்த்துத்தான் பயந்திருந்தாள். அது எனக்கு அவன் அறைந்ததைவிட வலித்தது.

"ரெண்டு பேரும் லாயக்கில்ல. பிள்ள ஹோம்ல இருக்கட்டும்" என்றார் அந்த அம்மாள்.

கடலூரிலேயே இருந்த இல்லத்தில் விட்டார்கள். சாப்பாடு, பள்ளிக்கூடம், துணிமணி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனால் உதட்டில் வெட்டு இருக்கும், கையில் கடித்த அடையாளம் இருக்கும். அங்கே இருந்த பிள்ளைகள் எல்லாருமே கடலிடம் அடி வாங்கியவர்கள். வாங்கியதை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். நம் பிள்ளை அழவில்லை. "நானும் கடிச்சேன் மாமா" என்று சொல்லிக் காட்டினாள்.

தனியாள் கையில் பெண் பிள்ளையைத் தரமாட்டார்கள், எனக்கு ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. பெண் பார்க்கப் போகும் இடத்தில் எல்லாம் காபி வருவதற்கு முன்னாலேயே பிள்ளை விஷயத்தைச் சொல்லிவிடுவேன். காபியை உள்ளேயே திருப்பி எடுத்துப் போய்விடுவார்கள். கடைசியில் மேலவீதி ஜவுளிக் கடையில் புடவை எடுத்துப் போடுகிற ஒருத்தி, தானே நேரில் பேச வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

"எனக்கும் அப்பா அம்மா கெடையாதுங்க. சித்தப்பா வூட்டுல வளந்தேன். அப்ப ஒரு ஸ்கீமும் இல்ல, அடி மட்டும்தான் மாசா மாசம் கரெக்டா வந்துச்சி. அந்தப் புள்ளைய நீங்க அடிச்சா உங்கள நான் அடிப்பேன். சரியா?"

சரி என்றேன். கல்யாணம் முடிந்த கையோடு மாலையைக்கூடக் கழற்றாமல் மஞ்சக்குப்பம் போனோம். பெரியப்பனையும் வரவழைத்திருந்தார்கள். அதிகாரி அம்மாள் என் மனைவியோடு தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"பிள்ளய உங்ககிட்ட குடுக்கறேன். உதவித் தொகையும் உங்களுக்கே வரும். வருஷா வருஷம் பிள்ளய இங்க கூட்டிக்கிட்டு வந்து காட்டணும். இன்னொண்ணு. உங்க கை நீளம்னு நான் கண்ணால பாத்திருக்கேன். எவன அடிச்சாலும் சரி, எதுக்காக அடிச்சாலும் சரி, உங்க பேர்ல ஒரு போலீஸ் கேஸ் வந்துச்சின்னா பிள்ள திரும்ப ஹோமுக்குத்தான் வரும். புரியுதா?"

எனக்குப் புரிந்தது. பக்கத்தில் நின்ற பெரியப்பனுக்கும் புரிந்தது. அதுதான் வினை.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே வேலை. என்னை அடிக்கவைக்க வேண்டும். முட்லூரில் பஸ் நிற்கும், ஏறுவான், நிறைந்த பஸ்ஸில் என் முகத்தில் துப்புவான். நான் துடைத்துக்கொண்டு டிக்கெட் கிழிப்பேன். அக்காவைப் பற்றி அசிங்கமாகப் பேசுவான். செவிட்டில் அறைவான். பயணிகள் எனக்காகச் சண்டைக்குப் போவார்கள், நான் கும்பிட்டு உட்கார வைப்பேன். பராமரிப்புத் தொகை வரும் வாரத்தில் சிதம்பரத்துக்கே வந்து வீட்டு ஓட்டில் கல் எறிவான். "என் தம்பி செத்த காசுல சோறு திங்கறான் பாருங்க" என்று தெருவைக் கூட்டுவான். தெருவும் அதைக் கொஞ்சம் நம்பியது. ஆனால் அந்தக் காசில்தான் பிள்ளை நல்ல பள்ளிக்கூடத்துக்குப் போனாள், டியூஷன் போனாள், பல்லுக்குக் கம்பி போட்டோம். ராத்திரி பல்லைக் கடித்துக் கடித்து எனக்குத் தாடையே வீங்கிவிடும். மனைவி வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள்.

"திருப்பிக் குடுக்கணும்னு கை அரிக்குதுடி."

"அரிச்சா மாவு ஆட்டுங்க" என்பாள். உண்மையாகவே ஆட்டினேன். எங்கள் வீட்டில் கிரைண்டர் வாங்காததற்குக் காரணம் அவன்தான்.

வருஷத்துக்கு ஒரு தடவை மஞ்சக்குப்பம் போவோம். அதிகாரி அம்மாள் பிள்ளையைப் பக்கத்தில் நிற்க வைத்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "வூட்டுல யாராவது அடிக்கறாங்களா?" பிள்ளை இல்லை மேடம் என்பாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம்.

அவள் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஒருநாள் முட்லூரில் பெரியப்பன் மீன் வெட்டும் கத்தியோடு நின்றிருந்தான். குடித்திருந்தான். நான் பின்படியில் நின்று இடது கையால் கம்பியைப் பிடித்திருந்தேன். பஸ் நகரும்போது ஓடிவந்து கம்பியோடு சேர்த்து வெட்டினான். சுண்டுவிரலும் அடுத்த விரலும் ரோட்டில் விழுந்தன. டிக்கெட் கட்டுக்கு இடையில் நோட்டை மடித்துச் செருகி வைக்கிற விரல்கள் அவை. வலது கையில் விசில் இருந்தது. குதித்து இறங்கினால் அவன் கழுத்து என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. விசிலை ஊதினேன். பஸ் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். பஸ் கதவில் மாட்டிக்கொண்டது என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் வெட்டினான் என்று நான் புகார் கொடுத்தால், நானும் அடித்தேன் என்று அவன் ஒரு புகார் கொடுப்பான், ஸ்டேஷனில் இரண்டு பேர் மேலும் கேஸ் எழுதுவார்கள். எங்கள் பக்கத்தில் எந்த அடிதடிக்கும் இதுதான் நடைமுறை. விரல் போனால் போகட்டும் என்று இருந்துவிட்டேன். பிள்ளை கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "பெரிப்பாதான?" என்று கேட்டாள். கதவு என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அவள் பெரியவளானாள். சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்து சடங்கு செய்தே ஆக வேண்டும் என்று நின்றார்கள். தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும், சீரை வாங்கிக்கொள்ள அப்பா வீட்டுப் பங்காளி வாசலில் நிற்க வேண்டும். "பங்காளி இல்லாம சடங்கா? நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?" என்றார்கள். என் மனைவி வேண்டாம் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டாள். பெரியப்பனுக்குப் பாக்கு வைத்து அழைப்புப் போனது.

தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டும். அதற்கு முன்பு அடித்த தானே புயலில் கடலூர்ப் பக்கம் நின்ற தென்னை குறைவு. சேத்தியாத்தோப்புக்குப் போய்க் கீற்று வெட்டிக்கொண்டு வந்து, வாசலில் நானே குடிசை கட்டினேன். உள்ளே பிள்ளை உட்கார்ந்தாள், வாசலில் வழக்கப்படி உலக்கையைக் குறுக்கே போட்டார்கள். உலக்கையைத் தாண்டி அவள் வெளியே வரக்கூடாது, ஆம்பிளை யாரும் உள்ளே போகக்கூடாது. அப்புறம்தான் கூத்து. வளர்க்கிறவனும் நான், சீர் கொண்டுவருகிறவனும் நான். என் வீட்டுப் பின்வாசல் வழியாகத் தட்டுகளை எடுத்துக்கொண்டு, மேளத்தோடு தெருவைச் சுற்றி, என் வீட்டு முன்வாசலுக்கே விருந்தாளியாக வந்தேன். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்குக் காலையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

வாசலில் பெரியப்பன் நின்றிருந்தான். வெள்ளை வேட்டி, நெற்றியில் தூணில் பட்ட பழைய தழும்பு. நான் நீட்டிய தட்டை வாங்கினான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"சீர் எதுக்குடா மாப்ள? கட்டிக்கத்தான வளத்த? ஊட்டி ஊட்டி வளத்தது இதுக்குத்தான? டெபாசிட்டு முத்தறதுக்குள்ள இன்னிக்கே ரெண்டாந்தாரமாக் கட்டிடு. காசும் உனக்கு, குட்டியும் உனக்கு. உன் அக்காவ சாகடிச்ச கடலுக்கு நீதான்டா பூச போடணும்."

தட்டைத் தூக்கி என் முகத்தில் அடித்தான். தேங்காய் உடைந்து கண்ணுக்கு மேல் கிழித்தது. மேளம் நின்றது. என் மனைவி "வேணாங்க, வேணாங்க" என்று கத்தினாள். எனக்குக் கேட்டது, ஆனால் அது எங்கோ வேறு ஊரில் கேட்பது போல இருந்தது. ஆறு வருஷமாக வாங்கியது எல்லாம் ஒரே நேரத்தில் கைக்கு வந்துவிட்டது. குடிசை ஓரத்தில் கீற்று வெட்டிய அருவாள் கிடந்தது. எடுத்தேன். அவன் ஓடவில்லை. சிரித்தான். அவனுக்கு வேண்டியதே அதுதான். அவன் செத்தாலும் ஜெயித்துவிடுவான் என்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் ஓங்கினேன்.

வலது மணிக்கட்டில் இடி விழுந்தது. அருவாள் எங்கோ போய் விழுந்தது. கை தொங்கியது. திரும்பிப் பார்த்தால் உலக்கையோடு பிள்ளை நிற்கிறாள். புதுப் பாவாடை, கழுத்து நிறைய மாலை, கன்னத்தில் சந்தனம். குடிசை ஓலை அவள் பின்னால் ஆடிக்கொண்டிருந்தது.

"நீ அடிக்காத மாமா. நீ அடிச்சா என்னைக் கொண்டுபோயிருவாங்க."

சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனாள். பெரியப்பன் அப்போதும் சிரித்த முகமாகவே இருந்தான், அவள் அவ்வளவு சின்னப் பெண். அவன் முழங்காலில் உலக்கையை வீசினாள். காலொடிந்து விழுந்தான். விழுந்தவன் தோளில் இன்னொன்று. "இது விரலுக்கு" என்றாள். பெண்கள் ஓடிவந்து பிடிப்பதற்குள் இடுப்பில் ஒன்று விழுந்துவிட்டது. மூச்சு வாங்க அவனைக் குனிந்து பார்த்துச் சொன்னாள்:

"ஸ்டேஷனுக்குப் போ பெரிப்பா. சடங்குக்கு ஒக்காந்த பொண்ணு ஒலக்கையால அடிச்சான்னு எழுதிக் குடு."

அவன் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தீட்டோடு குடிசையில் இருக்கிற பெண் தொட்ட உலக்கையால் அடி வாங்கியவன், அதை வெளியே சொல்லிவிட்டுக் கடலில் இறங்க முடியுமா? எந்தப் படகில் ஏற்றுவார்கள்? வலியை மீறி அவனுக்கு அது உறைத்தது.

ஆஸ்பத்திரியில் எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில் கிடைத்தது. எப்படி அடிபட்டது என்று டாக்டர் அவனைக் கேட்டார். படகிலிருந்து வழுக்கி விழுந்தேன் என்றான். வேட்டியெல்லாம் சந்தனமும் குங்குமமும். என்னைக் கேட்டார். நானும் வழுக்கித்தான் விழுந்தேன் என்றேன். டாக்டர் இரண்டு பேரையும் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு மாவுக்கட்டுப் போட்டார். அதற்குப் பிறகு பெரியப்பன் முட்லூரில் என் பஸ்ஸில் ஏறியதே இல்லை.

அந்த வருஷத்துக்கு மஞ்சக்குப்பம் போக வேண்டிய நாளும் வந்தது. கட்டு இன்னும் பிரிக்கவில்லை. நடுவில் இரண்டு வருஷம் மாற்றலாகிப் போயிருந்த அதே அதிகாரி அம்மாள் திரும்பவும் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கட்டைப் பார்த்தார், கண்ணுக்கு மேல் இருந்த தையலைப் பார்த்தார், விரல் இல்லாத இடது கையைப் பார்த்தார். பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார்.

"வூட்டுல யாராவது அடிக்கறாங்களா?"

"ஆமா மேடம்" என்றாள் பிள்ளை.

என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரு?"

"நான்தான் மேடம். மாமா கைய நான்தான் ஒடச்சேன்."

"எதுக்கு?"

"அவரு ஒருத்தர அடிக்கப் போனாரு. அடிச்சிருந்தா நீங்க என்னை அவருகிட்டேர்ந்து எடுத்திருப்பீங்கல்ல. அதான் மேடம்."

அந்த அம்மாள் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, கையெழுத்து வாங்குகிற தாளை என் பக்கம் தள்ளினார். வலது கை கட்டில் இருந்தது, இடது கையில் பேனா நிற்கவில்லை. பேனா இரண்டு தடவை உருண்டு கீழே விழுந்தது. அவரே மைப் பெட்டியைத் திறந்து வைத்தார். பிள்ளை என் இடது கட்டை விரலைப் பிடித்து மையில் தோய்த்து, தாளில் அழுத்தி எடுத்தாள். பிறகு பல்லுக்குக் கம்பி தெரியச் சிரித்தபடி, அந்த விரலைத் தன் புதுத் தாவணியிலேயே துடைத்துவிட்டாள்.